வீட்டு முற்றத்தில் ஒரு சத்திரசிகிச்சை

மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் கேட்க அஞ்சும் செய்திகள் சில உள. ‘ஹெட் கஸ்கெற் போய்விட்டது’ என்பது அவற்றுள் ஒன்று. மெக்கானிக் இதனைச் சொல்லிவிட்டுக் கையைத் துணியில் துடைக்கும்போதே வீட்டுக்காரரின் மனம் அம்மாதச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. எஞ்சின் முழுவதுமே பாழாகிவிட்டது போலவும், வண்டியை வந்த விலைக்கு விற்றுத் தலைமுழுகுவதே வழி என்பது போலவும் பலர் மயங்கிவிடுகின்றனர்.

உண்மை அத்துணைப் பயங்கரமானதன்று. கெட்டது ஒரு தகடு. அதை மாற்றுவதற்குக் கொடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அத்தகட்டின் விலை சிறிது. பழைய காலத்து எளிய எஞ்சினாயின், பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர் எவரும் இரண்டு ஓய்வு நாள்களில் வீட்டு முற்றத்திலேயே இவ்வேலையைச் செய்து முடிக்கலாம். ஆயினும் ஒன்று: தகட்டை மாற்றுவது வேலையிற் பாதியே. அது ஏன் கெட்டது என்று கண்டறிவது மறுபாதி. மறுபாதியை விட்டுவிடுவோருக்கு முதற்பாதியையும் மீண்டும் ஒருமுறை செய்யும் வேளை வந்தே தீரும். இதனை வற்புறுத்தவே இங்கு எழுதுகின்றோம்.

நெருப்பு, நீர், எண்ணெய்

எஞ்சினின் கீழ்ப்பாகத்தைப் ‘புளொக்’ என்பர். சிலிண்டர்களும் அவற்றுள் ஏறி இறங்கும் பிஸ்டன்களும் அதில் உள்ளன. மேலே மூடிபோல் அமர்ந்திருப்பது ‘ஹெட்’. இவ்விரண்டுக்கும் இடையே வைத்து இறுக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கஸ்கெற். பிட்டு அவிக்கும்போது பானையின் வாயும் குழலும் பொருந்தும் இடத்திலே துணி சுற்றி ஆவி வெளியேறாமற் காப்பதை நம் இல்லங்களில் அனைவரும் கண்டிருப்பர். அத்துணி செய்யும் பணியையே இத்தகடும் செய்கின்றது. ஆனால் இதற்குள்ள சுமை பன்மடங்கு பெரிது.

சிலிண்டரினுள்ளே பெற்றோலும் காற்றும் எரியும்போது வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2000 பாகை செல்சியசுக்கும் மேலே செல்கின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் அந்த ஒரு நிமிடத்தில் 1500 முறை அவ்வெரிவு நிகழ்கின்றது. இந்நெருப்புக்கு விரற்கடைத் தூரத்திலேயே எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடுகின்றது; மற்றொரு துவாரத்தின் வழியாக ஒயில் மேலேறுகின்றது. நெருப்பு, நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தீண்டாமல் தத்தம் வழியிற் செல்லுமாறு காவல் நிற்பது இந்தத் தகடுதான். காவல் ஓரிடத்தில் உடைந்தாலும் மூன்றும் கலக்கத் தொடங்கிவிடும்.

நம் நாட்டில் இது ஏன் முக்கியம்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே இலங்கைக்கு மோட்டார் வண்டிகள் இறக்குமதியாவது நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். அந்த ஐந்து ஆண்டுகளிலும், 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்திலும், கையிலிருந்த பழைய வண்டியைக் கண்ணெனக் காத்தவர்களே தப்பிப் பிழைத்தனர். பாட்டனார் வாங்கிய வண்டியைப் பேரன் ஓட்டுவது இந்நாட்டில் வியப்புக்குரிய காட்சியன்று.

அவ்வாறு காக்கப்பட்ட வண்டிகளுள் மொறிஸ் மைனருக்குத் தனியிடம் உண்டு. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதற் காட்டப்பட்ட வண்டி அது. 1956இல் ‘மைனர் 1000’ என்ற பெயரோடு 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் அதற்குக் கிடைத்தன. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி முடிவடைந்தபோது பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. 1990களிலே இலங்கையின் தென்பகுதியில் மைனருக்கான உடற்றகடுகளைச் செய்து, வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தனர் என்பதை நினைக்கும்போது நமக்குச் சிறிது பெருமையும் உண்டாகின்றது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலே தேடினால் இன்றும் அதன் உதிரிப்பாகங்கள் அகப்படும்.

ஹெட் கஸ்கெற் மாற்றக் கற்பவருக்கு இவ்வெஞ்சின் ஓர் அரிச்சுவடி. ஹெட், புளொக் இரண்டும் வார்ப்பிரும்பு. ஹெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகள் ஒன்பதே. ஆகவே, இனிச் சொல்லப்போகும் வேலைமுறைக்கு மைனர் 1000 வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நோயின் அறிகுறிகள்

வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாதிருக்க, றேடியேற்றரில் நீர் நாள்தோறும் குறைகிறதா? எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி ஓயாது வருகிறதா? ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பாலேடு போன்ற நுரை படிந்திருக்கிறதா? ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்த்தால், ஒயில் பாற்றேநீரின் நிறத்தில் இருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினை றேடியேற்றர் மூடியின்றி ஸ்ரார்ட் செய்தவுடனே நீரிற் குமிழிகள் தொடர்ந்து எழுகின்றனவா? இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து காணப்படின் கஸ்கெற்றைச் சந்தேகிக்கலாம்.

ஒரே ஓர் அறிகுறியைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில், குளிர்ந்த காலைகளிலே, மூடியின் அடியில் நுரை படிவது இயல்பு. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கும் கருவியை ஓர் அயலவரிடம் இரவல் வாங்கி நான்கையும் அளந்து பார்ப்பது நல்லது. அடுத்தடுத்துள்ள இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அமுக்கம் குறைந்திருந்தால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பகுதியிலே தகடு எரிந்துபோயிருத்தல் பெரும்பாலும் திண்ணம். மைனரில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே இவ்வாறு நேர்வதுண்டு.

சிலர் றேடியேற்றரிலே மஞ்சள் தூளை இட்டு ஒழுக்கை அடைக்கும் கைவைத்தியத்தைச் சொல்லுவர். றேடியேற்றரின் நுண்ணிய துவாரத்தை அது சில நாள் அடைத்துவைக்கலாம். நெருப்பின் அமுக்கத்தைத் தாங்கவேண்டிய கஸ்கெற்றுக்கு அது மருந்தாகாது. நீர்வழிகளை அடைத்து நோயை முற்றச் செய்வதே அதனால் வரும் பயன்.

நோயின் மூலம்

கஸ்கெற் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. மிகுந்த வெப்பமே அதன் பெரும்பகை. வெப்பம் ஏறினால் ஹெட் விரிந்து கோணும். தகட்டின்மேல் உள்ள பிடி ஓரிடத்தில் தளரும். அவ்விடத்தை நெருப்பு அரித்துவிடும்.

வெப்பம் ஏறுவதற்கு நம் நாட்டிலே மூன்று காரணங்கள் சிறப்பாக உள்ளன. முதலாவது நீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. அதன் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்தலின் உட்புறத்தில் எவ்வளவு வெண்படிவு ஏறுகின்றது என்பதை இல்லத்தரசியர் அறிவர். அதே நீரை ஆண்டுக்கணக்காக றேடியேற்றரில் ஊற்றினால், அதே படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் ஏறாதிருக்குமா?

இரண்டாவது மலைப்பாதை. கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் பாரத்தோடு ஏறும் வண்டி மெதுவாகச் செல்கின்றது; எஞ்சினோ கடுமையாக உழைக்கின்றது. மேலும், உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிற் கொதித்துவிடும். இதனைத் தடுக்கவே றேடியேற்றருக்கு அமுக்க மூடி இடப்பட்டுள்ளது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 110 பாகைக்கு உயர்த்துகின்றது. அதன் இறப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சிறு மூடியென்று அதனை இகழ்தல் கூடாது.

மூன்றாவது எரிபொருள். 1990களில், பெற்றோல் கிட்டாத தடைக் காலத்திலே, யாழ்ப்பாணத்து மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய அக்காலத்தை மறந்தவர் எவர்? ஆனால் மண்ணெண்ணெய் உரிய கணத்தில் ஒழுங்காக எரியாமல் முன்கூட்டியே வெடித்து எஞ்சினைத் தட்டும். அத்தட்டல் பிஸ்டனையும் கஸ்கெற்றையும் சம்மட்டிபோல் தாக்கும். வேறு வழியின்றி மக்கள் அன்று அதைச் செய்தனர். இன்றும் பெற்றோலிலே மண்ணெண்ணெய் கலந்துவிட்டால் விளைவு அதுவே. பற்றவைக்கும் நேரம் பிழையாக அமைந்த எஞ்சினிலும் இத்தட்டல் உண்டாகும்.

மூலத்தைத் தேடாத வேலை எவ்வாறு முடியும் என்பதற்கு எமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். வலிகாமத்தில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரிடம் மைனர் 1000 ஒன்று உண்டு. மனைவியாரைக் கிழமைதோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கு அவ்வண்டியே துணை. ஓராண்டுக்குள் இருமுறை கஸ்கெற் கெட்டது. இருமுறையும் ஒரு கராஜில் புதிய தகடு போட்டனர். இருமுறையும் ஓய்வூதியத்திற் பெரும்பகுதி கரைந்தது. மூன்றாம் முறை கெட்டபோது, அவர் தம் மகளையும் எம்மையும் துணைக்கு வைத்துக்கொண்டு முற்றத்து வேம்பின் கீழ் வண்டியைத் தாமே திறந்தார்.

நீரை வடிக்கப் புளொக்கின் பின்புறத்திலுள்ள குழாயைத் திறந்தபோது ஒரு துளி நீரும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபின் சேறுபோல் ஏதோ வழிந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது நான்காம் சிலிண்டரைச் சுற்றிய நீர்வழி சுண்ணப் படிவும் துருவும் கலந்து கல்லாய் இறுகியிருந்தது. “அப்பா, இதுக்குள்ள தண்ணி எப்பிடி ஓடினது?” என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வியை அதற்கு முன் எவரும் கேட்கவில்லை என்பதே அவ்வண்டியின் நோய். அன்று பிற்பகல் முழுவதும் கம்பியாலும் நீர்த்தாரையாலும் அவ்வழிகளைச் சுத்தம் செய்தோம். அதன்பின் அவ்வண்டி கஸ்கெற்றுக்காகத் திறக்கப்படவில்லை.

திறக்கும் முன்

வேலை தொடங்கும்போது எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருத்தல் வேண்டும். சூடான எஞ்சினின் றேடியேற்றர் மூடியைத் திறப்பதினும் பெரிய ஆபத்து இவ்வேலையில் இல்லை. பீறிட்டெழும் கொதிநீர் முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும். சிறு பிள்ளைகளை அருகில் விடலாகாது.

தேவையானவை இவை: ஹெட் கஸ்கெற்றோடு மற்றைச் சிறு கஸ்கெற்றுகளும் அடங்கிய தொகுதி, நல்ல ஸ்பனர்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் ‘டோர்க்’ ஸ்பனர், இடைவெளி அளக்கும் ‘ஃபீலர் கேஜ்’, நேரான இரும்பு அடிமட்டம், புதிய ஒயில், பழந்துணி, நட்டுகளைப் பிரித்துப் போட நாலைந்து வெறும் பால்மாப் பேணிகள், ஒரு மட்டையும் பேனாவும். டோர்க் ஸ்பனரை விலைக்கு வாங்க இயலாவிடில் இரவல் பெறுக. ஆனால் அது இன்றி வேலையைத் தொடங்கற்க.

முதலிற் பற்றரியின் தொடுப்பைக் கழற்றவேண்டும். பின்னர் றேடியேற்றரின் அடிக்குழாய், புளொக்கின் பக்கக் குழாய் ஆகிய இரண்டையும் திறந்து நீர் முழுவதையும் ஒரு பாத்திரத்தில் வடிக்கவேண்டும். நீர் இருக்கும்போதே ஹெட்டின் நட்டுகளைத் தளர்த்தினால், அது கீழே இறங்கி ஒயிலிற் கலந்துவிடும். குளிர்திரவம் கலந்த நீராயின் நிலத்தில் ஊற்றலாகாது. அது இனிப்புச் சுவையுடையது. நாயும் பூனையும் நக்கிக் குடித்து மாண்டுபோகும்.

கழற்றும் ஒழுங்கு

காற்று வடிகட்டி, காபரேற்றர், வாயு வழிகள் இணைந்த குழாய்த் தொகுதி, மேல் இறப்பர்க் குழாய், பிளக் வயர்கள் என்ற வரிசையிற் கழற்றலாம். வயர்களில் 1, 2, 3, 4 என்று இலக்கம் ஒட்டிவைத்தல் பின்னர் வரும் தலைவலியைத் தவிர்க்கும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் நட்டுகளையும் தனித்தனிப் பேணியிலே போட்டு, பேணியின்மேற் பெயரெழுதிவிடுக. இப்பொறுப்பை வீட்டுப் பிள்ளையொன்றிடம் ஒப்படைக்கலாம். பெரியவர்களினும் பிள்ளைகள் அதனைக் கவனமாகச் செய்வர்.

நீர்ப்பம்பிக்கும் ஹெட்டுக்கும் இடையே மிகக் குட்டையான இறப்பர்க் குழாய் ஒன்று உண்டு. ஹெட் கழன்றிருக்கும்போது அதனை மாற்றுவது எளிது. பூட்டிய பின்னர் மாற்றுவது பெரும்பாடு. ஆகவே அது நன்றாயிருப்பதாகத் தோன்றினும் புதிதொன்றை இட்டுவிடுதல் புத்தி.

இனி மேல்மூடியைத் திறந்தால் வால்வுகளை இயக்கும் றொக்கர்த் தண்டு தோன்றும். ஹெட்டைப் பிடித்திருக்கும் ஒன்பது நட்டுகளுள் நான்கு, இத்தண்டின் தாங்கிகளினூடாகவே செல்கின்றன. ஒன்பதையும் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு மற்றதற்குச் சென்றால் ஹெட்டும் தண்டும் கோணும். தண்டைப் பிடித்திருக்கும் நான்கு சிறு நட்டுகளையும் இவ்வாறே தளர்த்துக.

தண்டை எடுத்தபின் எட்டுத் தள்ளுகோல்கள் தெரியும். மட்டையில் எட்டுத் துளையிட்டு இலக்கமிட்டு, ஒவ்வொன்றையும் மெல்ல அசைத்து உருவி, அதனதன் துளையிலே குத்திவைக்க. பல ஆண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய பாகங்கள் அவை. இடம் மாறினால் விரைவில் தேயும்.

ஹெட் ஒட்டிக்கொண்டு எழ மறுக்கலாம். அவ்வேளையிற் பொருத்தினுள்ளே திருப்புளியைச் செலுத்தி நெம்புவது பெரும் பிழை; அதனால் உண்டாகும் கீறல் புதிய கஸ்கெற்றையும் கெடுத்துவிடும். மரக்கட்டையாற் பக்கங்களில் மெல்லத் தட்டினாற் பிடி தளரும். பின்னர் இருவர் சேர்ந்து நேராக மேலே தூக்குக. வார்ப்பிரும்பு பாரமானது, முதுகைக் காத்துக்கொள்க.

சாட்சியை விசாரித்தல்

கழற்றிய பழைய தகட்டை உடனே எறிந்துவிடுதல் கூடாது. நடந்ததை நேரிற் கண்ட சாட்சி அது. எரிந்து கருகிய இடம் எது? சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலா, சிலிண்டருக்கும் நீர்வழிக்கும் இடையிலா? அவ்விடத்துக்கு நேரே ஹெட்டிலும் புளொக்கிலும் அரிப்போ வெடிப்போ உண்டா? நீர்வழிகள் திறந்திருக்கின்றனவா? ஒரு பிஸ்டனின் தலை மட்டும் கழுவியதுபோற் பளிச்சென்றிருந்தால், நீர் புகுந்தது அச்சிலிண்டரில் என்று அறிக.

அடுத்து ஹெட்டின் அடிப்பரப்பைச் சுத்தம் செய்து, அடிமட்டத்தின் விளிம்பை நீளப்பாட்டிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, இடையில் ஃபீலர் கேஜைச் செலுத்திப் பார்க்க. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் இடைவெளி காணப்படின், ஹெட் கோணிவிட்டது. அதனை லேத் பட்டறைக்குக் கொடுத்துச் சமமாகச் சீவுவித்தல் வேண்டும். வெடிப்புக் கண்டாலும் பட்டறையாரிடமே காட்டுக. இவை இரண்டும் முற்றத்து வேலைகளல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கஸ்கெற்றுகள் பலவற்றிற் செம்புத் தகடுகளுக்கிடையே அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார் வைக்கப்பட்டிருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குள் சென்றாற் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயையும் விளைவிக்கக்கூடியது என்பது இன்று ஐயமறத் தெளிந்த உண்மை. ஆகவே பழைய கஸ்கெற்றை உலர்ந்த நிலையிற் சுரண்டுதலும், அரத்தாள் கொண்டு தேய்த்தலும், வாயால் ஊதுதலும் கூடா. நீரால் நனைத்து, முகமூடி அணிந்து, மெல்லச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியோடு பையிலிட்டுக் கட்டிவிடுக. புதிதாக வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் இல்லாத தகட்டையே கேட்டு வாங்குக.

சுரண்டும்போது சிலிண்டர்களையும் துவாரங்களையும் துணியால் அடைத்துக்கொள்ளவேண்டும். மூடுவதற்கு முன் அத்துணிகளை எண்ணி எடுத்துவிடவும் வேண்டும். சத்திரசிகிச்சை வைத்தியர் பஞ்சை எண்ணுவது எதற்காகவோ, இதுவும் அதற்காகவே.

பூட்டும் ஒழுங்கு

மைனரின் கஸ்கெற்றிலே எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பார்த்து வைக்காவிடில் நீரும் ஒயிலும் செல்லும் துவாரங்கள் மறைந்துவிடும். பரப்புகள் இரண்டும் உலர்ந்து, எண்ணெய்ப் பசையின்றி இருத்தல் வேண்டும். செய்தவர்கள் குறிப்பிட்டாலன்றி, கஸ்கெற்றின்மேற் பசை எதனையும் பூசுதல் வேண்டாம்.

ஹெட்டை மெல்ல இறக்கி, தள்ளுகோல்களை இலக்கப்படி இட்டு, றொக்கர்த் தண்டை வைத்து, நட்டுகள் அனைத்தையும் விரலால் முடுக்குக. பின்னர் இறுக்கத் தொடங்குக. தளர்த்தும்போது வெளியிலிருந்து உள்ளே சென்றோம்; இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே செல்லவேண்டும். பாய் விரிப்பவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிச் சுருக்கம் நீக்குவது போன்றது இது. ஒன்பது நட்டுகளையும் முதற் சுற்றில் 15, இரண்டாம் சுற்றில் 30, இறுதிச் சுற்றில் 40 இறாத்தல்-அடி என்ற அளவுக்குப் படிப்படியாக இறுக்குக. ஓர் அடி நீளமான ஸ்பனரின் நுனியில் 40 இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கமே அது. புதிய கணக்கில் ஏறத்தாழ 54 நியூற்றன் மீற்றர். தண்டைப் பிடிக்கும் நான்கு சிறு நட்டுகளுக்கு 25 இறாத்தல்-அடி போதும். ‘இன்னும் கொஞ்சம் இறுக்கினால் என்ன?’ என்ற எண்ணம் எழும். அதற்கு இடங்கொடுப்பவர் தண்டை முறிப்பார். கஸ்கெற் அதனாற் பலம் பெறாது.

அடுத்தது வால்வுகளின் இடைவெளி. குளிர்ந்த எஞ்சினில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. இதற்கு ஓர் எளிய கணக்குண்டு. ‘ஒன்பதின் விதி’ என்பர். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாம் வால்வைச் சரிசெய்க; ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை; நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. திறந்ததன் இலக்கமும் சரிசெய்வதன் இலக்கமும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வண்டியின் முன்புறக் கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றினால் இது மிக இலகு. ஒருவர் சுழற்ற, ஒருவர் அளக்க, ஒருவர் இலக்கம் கூற, குடும்பமே பங்கெடுக்கக்கூடிய வேலை இது.

மற்றைப் பாகங்களைக் கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையிற் பூட்டுக. ஒயிலை வடித்துப் புதிய ஒயிலும் வடிகட்டியும் இடுக. நீர் கலந்த ஒயிலை வைத்துக்கொண்டு ஓட்டினால் எஞ்சினின் உறுப்புகள் அழிந்துவிடும். றேடியேற்றரிலே கிணற்றுநீரை விட்டு, வடித்த நீரையும் குளிர்திரவத்தையும் கலந்து ஊற்றுக. பின்னர் பற்றரியைத் தொடுத்து ஸ்ரார்ட் செய்து, ஒழுக்கு உண்டா, வெப்பம் ஏறுகிறதா என்று பொறுமையாகப் பார்க்க. தொடக்கத்திலே சிறிது வெண்புகை வருமாயின் அஞ்சற்க. புகைக்குழாயில் எஞ்சிய நீர் வற்றியதும் அது நின்றுவிடும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின், குளிர்ந்த நிலையில், நட்டுகளின் இறுக்கத்தையும் வால்வு இடைவெளியையும் மீண்டும் பார்த்துச் சரிசெய்தல் அவசியம்.

எது நம்மால் ஆகும், எது ஆகாது

இதுகாறும் கூறியது பழைய எளிய எஞ்சினுக்கே. இக்காலத்து வண்டிகளில் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் இரும்பினும் ஏறக்குறைய இருமடங்கு விரிவதாகையால், ஒருமுறை கடுஞ்சூடேறினாலே கோணிவிடக்கூடும். பல வண்டிகளில் ஹெட் போல்ற்றுகள் ஒரே முறை பாவிப்பதற்கானவை. குறித்த பாகைக்குத் திருப்பி இறுக்கப்படுபவை. வால்வுகளை இயக்கும் சங்கிலியோ பட்டியோ ஒரு பல் தவறினாலும் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அத்தகைய வண்டிக்கு, அதற்குரிய வேலைக்கைந்நூலும் கருவிகளும் கையில் இல்லாதவர், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

ஒப்படைக்கும்போதும் இங்கு படித்தது வீணாகாது. “புதியது போட்டாயிற்று” என்று சொல்லப்படும்போது, “பழையதைக் காட்டுங்கள், அது ஏன் கெட்டது? ஹெட்டை அளந்தீர்களா? றேடியேற்றர் மூடியைப் பார்த்தீர்களா?” என்று கேட்கத் தெரிந்தவரின் வண்டியை எவரும் அரைகுறையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார். நல்ல மெக்கானிக் இக்கேள்விகளைக் கேட்டு மகிழ்வார்.

எல்லாவற்றினும் மலிவான பரிகாரம் இன்னும் ஒன்றுண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஐந்து நிமிடம் செலவிட்டு நீரையும் ஒயிலையும் பாருங்கள். மூடியின் இறப்பரையும் காற்றாடியின் பட்டியையும் தடவிப் பாருங்கள். நீர் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாமல், எங்கே போயிற்று என்று கேளுங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையை மடித்துவைத்ததும் செய்யத்தக்க முதல் வேலை அதுவேயாகும்.